ராட்சதத் தக்காளியும் அத்திப்பட்டு மாடியும்

கடைத்தெருவில் நாம் வாங்கும் தக்காளி ஒன்று பெரும்பாலும் 60 முதல் 100 கிராம் வரை எடை இருக்கும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டெல் ஃபஸ்ட் என்பவர் 2022-ஆம் ஆண்டு விளைவித்து எடை போட்டுக் காட்டிய ஒற்றைத் தக்காளி 5.284 கிலோ. பழத்துக்கு 80 கிராம் என்று வைத்துக்கொண்டால், 66 தக்காளியின் கனம் ஒரே காம்பில் தொங்கியிருக்கிறது. எங்கோ ஒரு செடியில் தற்செயலாக நேர்ந்த அதிசயமாக இதை நினைத்துவிடக் கூடாது. ராட்சதக் காய்கறி வளர்த்துப் போட்டிக்குக் கொண்டுபோவது அமெரிக்காவிலும் கனடாவிலும் பிரிட்டனிலும் வெகுகாலமாக வேரூன்றிய பொழுதுபோக்கு. அந்த உலகத்தில் பூசணிக்குத்தான் முதல் மரியாதை. பிரிட்டனின் ஹாரோகேட், மால்வர்ன் காட்சிகளில் வெங்காயம், முட்டைக்கோஸ், கேரட் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எடைப் போட்டி உண்டு. தக்காளிக்கும் அங்கே இடம் இருக்கிறது. போட்டிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் விவசாயத்தைத் தொழிலாகக் கொண்டவர்களும் அல்லர். வேலை முடிந்து வீடு திரும்பியபின் கொல்லைப்புறத்தில் ஒரு மணி நேரம் செலவிடும் சாதாரண மனிதர்கள்.

இந்தப் பொழுதுபோக்கை அத்திப்பட்டோடு சேர்த்துப் பேசுவது முதலில் பொருத்தமில்லாததாகத் தோன்றலாம். சென்னை – கும்மிடிப்பூண்டி புறநகர் ரயிலில் எண்ணூரைத் தாண்டினால் அத்திப்பட்டு புதுநகர், அடுத்து அத்திப்பட்டு. 1994 முதல் இயங்கும் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் (இன்றைய காமராஜர் துறைமுகம்), நிலக்கரி, சாம்பல் குளம், கன்டெய்னர் லாரிகள், உப்புக் காற்று என்றுதான் அந்தப் பகுதி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனாலும் இதே பகுதியில் ஆயிரக்கணக்கான மொட்டைமாடிகள் வெயிலில் சும்மா காய்ந்துகொண்டிருக்கின்றன. மாடியில் நாலு தொட்டி வைத்துக் கத்தரியும் வெண்டையும் மிளகாயும் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். என் வாதம் இதுதான்: ராட்சதத் தக்காளிப் போட்டி அத்திப்பட்டு போன்ற தொழிற்பகுதிக்கு மற்ற ஊர்களைவிட அதிகம் தேவை. உலக சாதனையை முறியடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு செடியில் ஒரே பழத்தை முழு அளவுக்கு வளர்க்க முயலும்போது, அந்த இடத்தின் தண்ணீர், காற்று, வெப்பம் மூன்றையும் வளர்ப்பவர் அளந்து பார்க்கக் கற்றுக்கொள்கிறார். அந்த அறிவு இந்தப் பகுதி மக்களுக்கு அவசரமாக வேண்டும்.

இது உரத்தின் விளையாட்டா அறிவின் விளையாட்டா என்பதைச் சாதனைகளின் வரலாறே சொல்லிவிடும். 1986-இல் ஓக்லஹோமா மாநிலத்தின் எட்மண்ட் நகரில் கார்டன் கிரஹாம் 3.51 கிலோ தக்காளி விளைவித்தார். டெலிஷியஸ் என்ற ரகம் அது. அந்தச் சாதனை 28 ஆண்டுகள் அசையவில்லை. 2014-இல் மினசோட்டாவின் ஈலி நகரைச் சேர்ந்த டான் மெக்காய் 3.81 கிலோ பழத்தோடு அதைத் தாண்டினார். அதன்பின் எட்டே ஆண்டுகளில் எடை 5 கிலோவைக் கடந்துவிட்டது. 1986-லும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூட்டைகளுக்குப் பஞ்சமில்லை. உரம் மட்டுமே பழத்தைப் பெருக்கும் என்றால் 28 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது. இடைப்பட்ட காலத்தில் மாறியவை முக்கியமாக இரண்டு. பெரிய பழத்திலிருந்து விதை எடுத்து, அதை மற்ற வளர்ப்பாளர்களோடு பகிர்ந்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். அதோடு, பெரிய பழம் எந்தப் பூவிலிருந்து வருகிறது என்பதைக் கண்டு, அந்தப் பூவுக்காகக் காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள்.

பூவின் பங்கைப் புரிந்துகொள்ளப் பழத்தைக் குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டும். கடையில் ஆப்பிள் தக்காளி என்ற பெயரில் கிடைக்கும் நீளவாட்டு ஹைப்ரிட் பழத்தை வெட்டினால் விதையும் கூழும் நிறைந்த அறைகள் இரண்டோ மூன்றோ இருக்கும். விலா எலும்புபோல் வரிவரியாக மடிந்த நாட்டுத் தக்காளியை வெட்டினால் அறைகள் அதிகம். தக்காளியின் மூதாதையான காட்டு இனத்தின் பழம் சுண்டைக்காய் அளவுதான். அதில் இரண்டே அறைகள். ராட்சதத் தக்காளியில் அறைகள் எண்ணி மாளாத அளவுக்குப் பெருகி, ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். பழத்தின் அளவைத் தீர்மானிக்கும் மரபணுக்களைப் பற்றிய ஆராய்ச்சி இதையேதான் உறுதிசெய்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் டாங்க்ஸ்லியின் குழு 2000-இல் பழ எடையைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவை அடையாளம் கண்டது. அறைகளின் எண்ணிக்கையைக் கூட்டும் வேறு இரண்டு மரபணு மாற்றங்களும் பின்னர் தெளிவாயின. மொட்டு உருவாகும் இடத்தில், வளர்நுனித் திசு எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்குச் செடிக்குள் ஒரு கடிவாளம் இருக்கிறது. அந்தக் கடிவாளம் சற்றுத் தளர்ந்தால் நுனி அகன்று, பூவில் சூலறைகள் கூடும். பழம் பெரிதாவது பழத்தில் ஆரம்பிப்பதில்லை. மொட்டு கண்ணுக்குத் தெரியும் முன்பே அதன் உச்சவரம்பு முக்கால்வாசி எழுதப்பட்டுவிடுகிறது.

போட்டிக்காரர்கள் காத்திருப்பது மெகாபூ என்று அவர்கள் அழைக்கும் ஒன்றுக்காக. சாதாரணத் தக்காளிப் பூவில் ஐந்தாறு மஞ்சள் இதழ்களும் நடுவில் ஒற்றைச் சூல்தண்டும் இருக்கும். மெகாபூ என்பது மூன்று, நான்கு, சில சமயம் அதற்கும் மேற்பட்ட பூக்கள் மொட்டிலேயே ஒட்டிப் பிறந்தது. இதழ்கள் சாமந்திபோல் அடர்ந்திருக்கும். சூல்தண்டுகள் தனித்தனியாக நில்லாமல் பட்டையாக ஒன்றுசேர்ந்திருக்கும். காம்பும் மற்றதைவிடத் தடித்திருக்கும். பெரும்பாலும் செடியின் முதல் கொத்தில், அதுவும் குளிர்ந்த நாட்களில்தான் இது தோன்றும். சந்தைக்கு வளர்க்கும் விவசாயிக்கு இந்தப் பூ வேண்டாத பூ. கோணலும் வடுவுமான பழம் தரும் என்று கிள்ளி எறிவார். போட்டிக்காரரோ இதை வைத்துக்கொண்டு மற்ற எல்லாப் பூக்களையும் கிள்ளுவார். மகரந்தச் சேர்க்கையையும் அவர் விதியிடம் விட்டுவிடுவதில்லை. தக்காளி தன்மகரந்தச் சேர்க்கைச் செடிதான் என்றாலும் அதன் மகரந்தம் குழாய்போன்ற பைக்குள் இருக்கிறது. அதிர்வு இருந்தால்தான் உதிரும். வெளிநாட்டில் பம்பிள் தேனீயும் நம் ஊரில் நீலப்பட்டைத் தேனீயும் சிறகுத் தசையை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கின்றன. மாடியில் அவை வராத நாளில் பேட்டரி பல்துலக்கியின் பின்பக்கத்தைப் பூக்காம்பில் சில விநாடிகள் வைத்தால் அதே வேலை நடக்கும். ஒட்டிய சூல்தண்டுகளில் ஒரு பக்கம் மட்டும் மகரந்தம் பட்டால், பழம் அந்தப் பக்கம் மட்டும் பருத்து மறுபக்கம் சூம்பிவிடும். அதனால் காலை வேளையில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இதைச் செய்கிறார்கள்.

பிஞ்சு பிடித்தபின் செடியின் முழுக் கணக்கும் ஒரே பழத்தின் பேரில் எழுதப்படுகிறது. இலை தயாரிக்கும் சர்க்கரை பல காய்களுக்குப் பங்கு பிரியாமல் ஒன்றுக்கே போக வேண்டும். பக்கக்கிளைகளைக் கிள்ளி, செடியை ஒன்றிரண்டு தண்டுகளாக ஏற்றிவிட்டு, காயை ஒரு துணித் தூளியில் தாங்கிப் பிடித்தால்தான் காம்பு முறியாது. இந்தக் கட்டத்தில் தவறு எதுவும் மறைந்திருக்க முடியாது. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றினால் தோல் வெடிக்கும். தண்ணீர் ஏறியிறங்கிக் கிடைத்தால், மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருந்தும் அது காயின் நுனிவரை போய்ச் சேராது. அடிப்பக்கம் கறுத்து அழுகும். தழைச்சத்தை அளவுக்கு மீறிக் கொடுத்தால் இலை காடாக வளர்ந்து காய் பின்தங்கும். முப்பது காய் காய்க்கும் செடியில் இரண்டு வீணானால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரே காய் உள்ள செடியில் ஒவ்வொரு பிழையும் அன்றே தெரிகிறது. போட்டித் தக்காளி ஒரு பள்ளிக்கூடம் என்று நான் கருதுவது இதனால்தான்.

இனி, அத்திப்பட்டில் இது நடக்காது என்பதற்குச் சொல்லக்கூடிய காரணங்களைப் பார்ப்போம். வலுவான முதல் ஆட்சேபம் வெப்பம். இரவு வெப்பநிலை 21 டிகிரியைத் தாண்டத் தாண்டத் தக்காளியில் காய்ப்பிடிப்பு குறையும். பகலில் 35 டிகிரியை நெருங்கினால் மகரந்தமே பழுதாகும். அந்தப் பழுது பூ மலரும் நாளில் ஏற்படுவதில்லை. அதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு, மகரந்தம் உருவாகும்போதே நேர்ந்துவிடுகிறது. நாற்றுப் பருவத்தில் குளிர் பட்டால் அறைகள் கூடும் என்பதும் ஆய்வில் தெரிந்த உண்மை. மெக்காயின் ஈலி நகரம் கனடா எல்லையை ஒட்டிய கடுங்குளிர்ப் பகுதி என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். சென்னை வட்டாரத்தில் ஆண்டிலேயே குளிர்ந்த ஜனவரியிலும் சராசரி இரவு வெப்பநிலை 21 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. மே மாதப் பகல் 37, 38 டிகிரி. ஆகவே 5 கிலோ பழம் இங்கே எட்டாத கனவு என்பதை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் அந்த முயற்சிக்கு இடம் ஊட்டியும் கொடைக்கானலும்தான்.

ஆனால் இந்த ஆட்சேபம் எட்டாத எடையைத்தான் மறுக்கிறது, போட்டியை மறுக்கவில்லை. ஒரே ஊரில், ஒரே வெயிலில், ஒரே மாதத்தில் வளர்ந்த பழங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது மினசோட்டா கணக்கில் வராது. இங்கே அரை கிலோவை ஒரு பழம் தொட்டால் அதுவே கொண்டாட வேண்டிய இலக்கு. அதற்கான காலக்கணக்கும் வகுக்கக்கூடியதுதான். ஐப்பசி மழையில் நனையாதபடி ஷெட்டுக்குள் விதைத்து, கார்த்திகையில் தொட்டிக்கு மாற்றினால், மார்கழி இறுதியிலும் தை மாதத்திலும் முதல் கொத்து பூக்கும். பெரிய பழம் பிடித்து முதிர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும் என்பதால், பங்குனி வெயில் உச்சத்துக்கு ஏறும் முன்பு பறித்துவிடலாம். இரவு சற்றுக் குளிரும் அந்தக் குறுகிய சாளரத்தில் முதல் கொத்தை நிறுத்துவதுதான் இந்த ஊர்ப் போட்டியின் சூட்சுமம். யார் எந்த வாரம் விதைத்தார் என்பதே வெற்றியில் பாதியைத் தீர்மானிக்கும்.

ரகத்தைப் பற்றியும் ஒரு கேள்வி எழும். பிக் ஸாக் போன்ற வெளிநாட்டுப் போட்டி ரகங்கள் நம் ஊரின் பெரிய எதிரியான இலைச்சுருள் வைரஸைத் தாங்கும்படி உருவாக்கப்பட்டவை அல்ல. வெள்ளை ஈ ஒரு முறை மொய்த்துவிட்டுப் போனால் செடி குட்டையாகி, இலை சுருண்டு, பூவே இல்லாமல் நின்றுவிடும். விதையைத் தெரிந்தவர்கள் மூலம் கவரில் வரவழைக்கும் பழக்கத்தையும் நான் ஆதரிக்க மாட்டேன். அனுமதியின்றி வெளிநாட்டு விதையைக் கொண்டுவருவது தாவரத் தொற்றொதுக்க விதிகளுக்கு விரோதம். அந்த விதிக்கு வலுவான காரணமும் உண்டு. கடந்த பத்தாண்டுகளில் இஸ்ரேல், ஜோர்டான் தொடங்கிப் பல நாடுகளின் தக்காளிப் பண்ணைகளைப் பாதித்த பழுப்புச் சொரசொரப்பு வைரஸ் விதை வழியாகவும் பரவக்கூடியது. இங்கே கிடைக்கும் வரிவரியான நாட்டுத் தக்காளியும், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 ரகமும் தொடக்கத்துக்குப் போதும். நாற்றைச் சன்னமான நைலான் வலைக்குள் வளர்த்து, மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிட்டு, ஆண்டுதோறும் பெரிய பழத்தின் விதையை எடுத்து வைத்தால், இந்த வெயிலுக்குப் பழகிய பெரிய பழத்தை இந்த ஊரே உருவாக்கிக்கொள்ள முடியும். கிரஹாமுக்கும் ஃபஸ்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் அங்கே நடந்ததும் இதுவே.

இரண்டாவது ஆட்சேபம் தண்ணீர். மீஞ்சூர் வட்டாரத்தின் நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவுவது 1960-களின் இறுதியிலேயே கவனத்துக்கு வந்து, பிறகு பல கிலோமீட்டர் உள்ளே பரவியது. 2010-இல் இதே பகுதியில்தான் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் வந்தது. உப்புத்தன்மைக்குத் தக்காளி எப்படி எதிர்வினை காட்டும் என்பதற்கு உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் தெளிவான அளவுகோல் உண்டு. பாசன நீரின் மின்கடத்துதிறன் 1.7 அலகைத் தாண்டினால் மகசூல் குறையத் தொடங்கும்; 5 அலகில் பாதியாகிவிடும். வீட்டில் தண்ணீரைச் சோதிக்கும் டிடிஎஸ் மீட்டரில் அந்த முதல் எல்லை ஏறத்தாழ 1,100. உப்பு நீரில் வளர்ந்த தக்காளி சிறுத்துப்போய் இனிப்புக் கூடும் என்பதால் சமையலுக்கு அது குறையாகத் தெரியாது. தராசில் மட்டும் தப்பாமல் தெரியும். நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் ஒரு தவறையும் இங்கே சொல்ல வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். மூல நீரே உப்பாக உள்ள ஊரில், அந்தக் கழிவு நீர் அதைவிடச் செறிந்த உப்பு நீர். தொட்டி மண்ணில் நாளுக்கு நாள் சேர்ந்து வேரைக் கருக்கும்.

இதற்கு மாற்று வானத்திலிருந்தே வருகிறது. தொட்டியில் வளரும் ஒரு பெரிய தக்காளிச் செடிக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் என்று வைத்தால், நூறு நாளுக்கு 200 முதல் 300 லிட்டர். வடகிழக்குப் பருவமழையின் ஒரே நல்ல நாளில் மாடியிலிருந்து வழியும் நீரில் அந்த அளவை இரண்டு டிரம்களில் பிடித்துவிடலாம். மழைநீர்ச் சேகரிப்பை 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. குழாய்கள் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கின்றன. மாடித் தூசியை அடித்துக்கொண்டு வரும் முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையைப் பிடித்து, கொசு புகாதபடி மூடி வைக்க வேண்டும். தண்ணீர் வீணாகிறது என்று இந்தப் பொழுதுபோக்கைக் குறைசொல்பவர்களுக்கும் இந்தக் கணக்கே பதில்.

மூன்றாவது ஆட்சேபம் மற்றவற்றைவிடக் கனமானது. அனல்மின் நிலையச் சாம்பல் படியும் ஊரில் உணவுப்பயிர் வளர்க்கச் சொல்வது பொறுப்பான பேச்சா? சாம்பல் குழம்பு ஓடும் குழாய்களின் கசிவால் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் சாம்பல் படிந்ததும், வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதும் ஊரறிந்த செய்தி. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம், குரோமியம், போரான் போன்றவை சிறு அளவில் இருக்கின்றன. இதனால்தான் தொட்டி முறையை வலியுறுத்துகிறேன். ஆற்றோரத்து மண்ணையோ சாம்பல் கலந்த நிலத்து மண்ணையோ மாடிக்கு ஏற்றவே கூடாது. தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், நம்பகமான இடத்துச் செம்மண் என்று கலவையை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். அடுப்புச் சாம்பல் செடிக்கு நல்லது என்று பாட்டி சொன்னது விறகுச் சாம்பலைப் பற்றி. நிலக்கரிச் சாம்பலுக்கு அந்த யோசனை பொருந்தாது. தொழிற்பேட்டைப் பகுதிகளில் மலிவாகக் கிடைக்கும் பழைய நீல நிற டிரம்களிலும் எச்சரிக்கை வேண்டும். முன்பு அதில் என்ன ரசாயனம் இருந்தது என்று தெரியாதபோது அதைப் பாதியாக அறுத்துத் தொட்டியாக்குவது ஆபத்து. இலையில் படியும் தூசியை வாரம் ஒருமுறை நல்ல நீரால் கழுவினால் செடிக்கு வெளிச்சம் கிடைக்கும். பழத்தை உண்ணும் முன் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். கன உலோகங்கள் பொதுவாகத் தக்காளியின் வேரிலும் இலையிலும் தங்கும் அளவுக்குப் பழத்தில் சேர்வதில்லை. அதற்காகச் சோதனையே வேண்டாம் என்று ஆகிவிடாது. மண்ணை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது போட்டியின் ஒரு விதியாகவே இருக்கலாம்.

இதோடு ஒட்டி இன்னொரு கேள்வி உண்டு. மக்கள் மாடியில் தக்காளிப் போட்டி நடத்திக்கொண்டிருந்தால், சுற்றுச்சூழலைக் கெடுத்தவர்களின் பொறுப்பு மறக்கப்பட்டுவிடாதா? தோட்டத்தை ஒரு பச்சை வண்ணப் பூச்சாக மாற்றும் ஆபத்து உண்மையானது. தொழிற்சாலை வாசலில் நாலு தொட்டி வைத்துப் படம் எடுப்பது மாசுக்குப் பதில் ஆகாது. ஆனால் ஒவ்வொரு வாரமும் தன் கிணற்று நீரின் உப்பளவைக் குறித்து வைக்கும் நூறு குடும்பங்கள் உள்ள ஊர், ஒன்றும் குறிக்காத ஊரைவிட எளிதில் ஏமாறாது. இலையில் தூசி படிந்த தேதி, இரவு வெப்பநிலை, நீரின் அளவு என்று எழுதிய நோட்டு ஒன்று நீதிமன்றத்தில் அறிவியல் சான்றாக நிற்காமல் போகலாம். என்றாலும் அதை வைத்து முறையான அளவீட்டைக் கேட்க முடியும். அதிகாரி சொல்லும் எண்ணைப் புரிந்துகொண்டு எதிர்க்கேள்வி போட முடியும். அந்தத் திறமையை விருப்பத்தோடு வளர்த்துக்கொள்ள ஒரு காரணம் தேவை. பழம் அந்தக் காரணத்தைத் தருகிறது.

உணவு சார்ந்த ஆட்சேபமும் நியாயமானதே. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டிவந்தது. அப்படிப்பட்ட பொருளில், முப்பது காய் தரும் செடியை ஒரே காயில் நிறுத்துவது வீண் இல்லையா? மகசூல்தான் நோக்கம் என்றால் ராட்சதத் தக்காளி தவறான வழி என்பதில் சந்தேகமே இல்லை. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய அர்கா ரக்‌ஷக் ரகம் 90, 100 கிராம் பழங்களாகவே, நல்ல பராமரிப்பில் ஒரு செடியில் 18 கிலோ வரை தந்திருக்கிறது. உலக சாதனைப் பழத்தின் எடை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நான் சொல்வது மாடியில் உள்ள பத்துத் தொட்டிகளில் ஒன்றைப் பற்றி. மற்ற ஒன்பதும் குழம்புக்கும் ரசத்துக்கும் காய்க்கட்டும். ஒற்றைக் காய்ச் செடியில் கற்ற நீர்ப் பக்குவமும் பூப் பக்குவமும் அந்த ஒன்பதுக்கும் பயன்படும். போட்டிப் பழமும் குப்பைக்குப் போவதில்லை. விதையை எடுத்துக்கொண்டால் மீதிச் சதை அன்றைய சமையலுக்கு.

போட்டி என்று வந்துவிட்டால் பொறாமையும் குறுக்குவழியும் வந்துவிடும், செடி வளர்ப்பின் அமைதி போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். பணப்பரிசு பெரிதானால் அந்த அச்சம் உண்மையாகிவிடும். ஆகவே பரிசு சிறியதாகவும் விதி கடுமையாகவும் இருக்க வேண்டும். அமெரிக்கப் போட்டிகளைப் பெரும்பாலும் நெறிப்படுத்தும் கிரேட் பம்ப்கின் காமன்வெல்த் அமைப்பு, அழுகிய பழத்தையும் உள்வரை ஓட்டை விழுந்த பழத்தையும் எடைக்கே ஏற்பதில்லை. மனிதரின் ரசனையில் தீர்ப்பு வரும் போட்டிகளில் முணுமுணுப்புக்கு இடம் உண்டு. எல்லோர் கண்முன்னும் தராசில் ஏறும் பழத்தின் எடையில் யாரும் சிபாரிசு பிடிக்க முடியாது. வென்றவரிடம் விதை கேட்டு வாங்கிப்போகும் வழக்கம் மட்டும் சேர்ந்துவிட்டால், இந்த ஆண்டு வென்றவரின் அறிவு அடுத்த ஆண்டு ஊர்ச் சொத்து.

தமிழ்நாட்டுக்குத் தோட்டக் காட்சி புதிது ஒன்றும் இல்லை. சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-இலேயே தொடங்கிவிட்டது. உதகை மலர்க் காட்சி 1896-இலிருந்து பேசப்படுகிறது; குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் காட்சியும் கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் காட்சியும் கோடைதோறும் நடக்கின்றன. ஆனால் இவற்றுக்குப் போகும் நம்மில் பெரும்பாலோர் பார்வையாளர்கள்தாம். கேரட்டால் செய்த யானையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். இன்னொரு பக்கம், 2013-14 வாக்கில் சென்னையிலும் கோவையிலும் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகளை (கிட்) வழங்கத் தொடங்கி, பலரைச் செடி வளர்ப்பில் இறக்கிவிட்டது. முதல் பருவத்து உற்சாகத்தோடு பலருடைய பைகள் காலியாகிப் போனதற்குக் காரணம், அடுத்த பருவத்துக்குக் காத்திருக்க ஒன்றும் இல்லாததுதான் என்று நினைக்கிறேன். மலைவாசத்தலங்களில் இருக்கும் காட்சி மரபையும் நகரத்து மாடிகளில் இருக்கும் தளைகளையும் இணைக்கும் பாலம் இன்னும் போடப்படவில்லை. ஊர் அளவிலான எடைப் போட்டி அந்தப் பாலமாக முடியும்.

அத்திப்பட்டில் இதைத் தொடங்கப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. குடியிருப்போர் நலச்சங்கமோ, அரசுப் பள்ளியின் பசுமைப்படையோ, மகளிர் சுய உதவிக் குழுவோ முன்வந்தால் போதும். ஐப்பசியில் ஒரே தட்டில் வளர்த்த ஒரே ரக நாற்றுகளைப் பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுக்கலாம். விதையின் அதிர்ஷ்டம் அத்தோடு சமமாகிவிடும். தொட்டியின் கொள்ளளவு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு நோட்டில் விதைத்த நாள், பூத்த நாள், ஊற்றிய நீரின் டிடிஎஸ், போட்ட உரம் ஆகியவற்றை எழுதாதவரின் பழம் எவ்வளவு கனத்தாலும் பரிசுக்கு ஏற்கக் கூடாது. மாசி கடைசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, முத்திரையிட்ட எலக்ட்ரானிக் தராசில் எல்லோர் முன்பும் எடை போட்டு, நோட்டுகளையும் பக்கத்திலேயே பார்வைக்கு வைக்க வேண்டும். எடைக்கு ஒரு பரிசு, நல்ல நோட்டுக்கு அதற்குச் சமமான இன்னொரு பரிசு. முதல் ஆண்டு வெல்லும் பழம் 300 கிராம் என்றே இருக்கட்டும். அந்த 300 கிராமுக்குப் பின்னால் எந்த நீர், எந்த வாரம், எந்தப் பூ என்பது எழுத்தில் இருந்தால், மறு ஆண்டு அதைத் தாண்டும் வழி ஊருக்கே தெரிந்துவிடும். தங்கள் தண்ணீரையும் காற்றையும் பற்றிப் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலையிலிருந்து அத்திப்பட்டு மக்கள் வெளிவர, கையருகே இருக்கும் எளிய வழிகளில் இதுவும் ஒன்று. வரும் ஐப்பசியிலேயே அதைத் தொடங்கலாம்.